பஸ் ஏறிய பாலன்

ஜன்னல் பக்கம் நீயே இரும்மா. எனக்கு வேண்டாம். நான் இப்பிடி ஓரத்துலயே ஒண்டிக்கிடுதேன்.

உக்காந்துட்டியா? சரி, நல்லா உக்காரு. இந்தக் காலத்துப் பிள்ளைய எல்லாம் இப்பிடித்தான். ஒரு ஆளு ஒரு வார்த்தை சொல்லி வாயை மூடல, அதுக்குள்ள உக்காந்துருதிய. அய்யோ, எந்திரிக்காத, நான் சும்மா சொன்னேன். எனக்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். காத்து மூஞ்சில அடிச்சா தலைவலி வந்துரும். இந்தப் பை மட்டும் என் காலுக்கு நடுவுல இருக்கட்டும். உள்ள கேக் இருக்கு.

நீ திருநெல்வேலியா? நான் பாளையங்கோட்டை. தம்பி வீட்டுக்குப் போறேன். நான் வாரது அவனுக்குத் தெரியாது. நான் பஸ் ஏறுவேன்னு எனக்கே தெரியாது, பெறகு அவனுக்கு எப்பிடித் தெரியும்? கிறிஸ்மஸ் அன்னைக்கு, அதுவும் மத்தியானம், பிரியாணிக்கு தம் போட்டு இறக்குத நேரத்துல, எந்த வேதக்காரியாவது தூத்துக்குடிய விட்டு பஸ் ஏறுவாளா? நான் ஏறியிருக்கேன். அப்போ என் வயிறு எப்பிடி எரிஞ்சிருக்கும்னு நீயே பாத்துக்கோ.

போனா? என்னோடதுதான். அடிக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்.

நீ வேதக்கார வீட்டுப் பிள்ளையா? இல்லியா. அப்போ சொன்னாத்தான் வெளங்கும். எங்கள்ல பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது பெத்தவ கையில பிள்ளை இருக்காது. ஞானத்தாய்னு ஒருத்தி வாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பெத்த தாய் ஒடம்புக்கு, ஞானத்தாய் ஆத்துமாவுக்கு. நான் ஒரு பிள்ளைக்கு ஞானத்தாய். மெர்ஷியான்னு பேரு. மெர்ஷி, மெர்ஷின்னு கூப்புடுவோம். பதினஞ்சு வயசு ஆவுது. என்னை ஞானம்மான்னு கூப்புடுவா. அவ அம்மா எமரன்சியா என் சிநேகிதி.

எமரன்சி, நான், டெல்பின், மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. டெல்பின் மொதல்ல கல்யாணம் முடிச்சு மஸ்கட்டுக்குப் போயிட்டா. எமரன்சி கஸ்பார் அண்ணனைக் கட்டி இங்கேயே மில்லர்புரத்துல இருந்துட்டா. நான் யாரையும் கட்டல. தபாலாபீஸ் கவுண்டருக்குப் பின்னால உக்காந்துட்டேன். அது வேற கதை. அத எடுத்தா இந்த பஸ்ஸு கன்னியாகுமரியத் தாண்டி கடலுக்குள்ள போயிரும்.

எமரன்சிக்கு ரொம்ப வருசமாப் பிள்ளை இல்ல. அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக் கூட்டிட்டு அலைஞ்சது யாரு? மாதா கோயிலுக்கு வெறுங்கால்ல நடத்திக் கூட்டிட்டுப் போனது யாரு? ஊசி போடும்போது கையப் பிடிச்சுக்கிட்டது யாரு? டெல்பினா? அவ மஸ்கட்டுல இருந்து பேரீச்சம்பழம் அனுப்புனா. நல்ல பழந்தான், இல்லேங்கல. ஆனா பேரீச்சம்பழத்துக்குப் பிள்ளை பொறக்குமா?

பொறந்துச்சு. என் கையிலதான் குடுத்தா. ஞானஸ்நானத்து அன்னைக்கு சாமியார் கேக்காரு, பசாசை விட்டுவிடுகிறீர்களான்னு. பிள்ளைக்குப் பேச வாய் ஏது? ஞானத்தாய்தான் அது சார்பாச் சொல்லணும். விட்டுவிடுகிறேன்னு கோயில் அதிரச் சொன்னேன். அதோட ஆரவாரங்களையும் விட்டுவிடுகிறீர்களான்னாரு. அதையும் விட்டுட்டேன். அந்தப் பசாசு இருவது பெட்டியோட மஸ்கட்டுல இருந்து பிளைட் ஏறி வரும்னு அன்னைக்கு எனக்கு யாரு சொன்னா?

சிரிக்காத. வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி வந்தா. புருசனும் பொண்டாட்டியும் அங்க எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்து, எமரன்சி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு கட்டிட்டா. ரெண்டு தெரு! தூத்துக்குடியில வேற மனையே இல்லியா? எமரன்சிக்கு ரெண்டாவது ஒரு பையன் இருக்கான், ஆல்ட்ரின். அவன் பொறந்த சமயம் டெல்பின் லீவுல வந்திருந்தா. அதனால அவதான் அவனுக்கு ஞானத்தாய். நான் ஒண்ணும் சொல்லல. ஆளுக்கொரு பிள்ளை, நியாயம்தான். அவ பிள்ளைய அவ பாக்கட்டும், என் பிள்ளைய நான் பாக்கேன். ஆனா அவ பாத்தாளா? என் பிள்ளை மேலதான அவளுக்குக் கண்ணு.

சைக்கிள் அவனுக்கு வாங்கினா, சரி. கூடவே இவளுக்கு எதுக்கு கைக்கடிகாரம்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஸ்கூட்டர்ல அவனை ஏத்துவா, இவளையும் ஏத்துவா. நான் கோயில் வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டு நிப்பேன். அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டா எனக்கு இங்க, நெஞ்சுக்குழிக்குள்ள, ஒரு அம்மிக்கல்லைத் தூக்கி வச்சது மாதிரி இருக்கும்.

பாரு, மறுபடியும் அடிக்குது. எமரன்சியாத்தான் இருக்கும். பேரைப் பாத்துச் சொல்லு. மெர்ஷியா? அவளும்தான் அடிப்பா. எடுக்காத. பைக்குள்ள போடு.

துணிக் கதையக் கேளு. பெருநாளுக்கு ஞானத்தாய்தான் துணி எடுக்கணும். அது மொற. போன மாசமே நான் கடை கடையா ஏறி இறங்கி, மயில்கழுத்து நிறத்துல பட்டு எடுத்து, பாவாடை சட்டை தைக்கக் குடுத்தேன். கொண்டு போய்க் காட்டுனா, எமரன்சி ரொம்ப நல்லா இருக்குங்கா. அந்தச் சமயம் பாத்து டெல்பின் உள்ள வாரா, கையில பெட்டி. பெட்டிக்குள்ள வெள்ளை கவுனு. அடுக்கடுக்கா லேஸு, கையில முத்து. ஞானத்தாய் நானா அவளா? அவ பையனுக்குக் கோட்டு சூட்டு எடுத்தது போதாதா? மெர்ஷி ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்கா. "ஞானம்மா, எதைப் போடட்டும்?"ங்கா.

நான் என்ன சொல்லுவேன்? என்னுதப் போடுன்னு நானே கேட்டு வாங்கணுமா? எனக்கு மானம் இல்லியா? "அந்தக் கவுனையே போடு தங்கம். உனக்கு அதுதான் எடுப்பா இருக்கும். பட்டு எதுக்கு, பழைய காலத்துத் துணி"ன்னேன்.

இன்னைக்குக் காலைப் பூசைக்கு எதைப் போட்டுட்டு வந்தாங்க? கவுனை.

போட்டுட்டு வந்துட்டாம்மா! ஒரு வார்த்தை, "இல்ல ஞானம்மா, எனக்குப் பட்டுதான் பிடிக்கும்"னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பீடத்துக்கு முன்னால அந்த லேஸு மினுங்குது. எனக்குப் பூசை காதுலயே ஏறல. உலகத்துக்கே மீட்பர் பொறந்துட்டாருன்னு சாமியார் பிரசங்கம் வைக்காரு. எனக்கு அந்தக் கவுன் கொக்கியப் பிச்சு எறியணும் போல இருக்கு.

இது கூடப் போகட்டும். துணிதான், நாளைக்குக் கிழிஞ்சிரும். இன்னொண்ணு இருக்கு, அதுதான் ஆறாத விசயம். உறுதிபூசுதல்னு ஒண்ணு உண்டு எங்களுக்கு. இந்த வயசுப் பிள்ளையளுக்கு ஆயரே வந்து நெத்தியில தைலம் பூசுவாரு. அன்னைக்குப் பிள்ளைக்குப் பின்னால ஒரு ஆளு நிக்கணும். வலது கைய அது தோள்ல வைக்கணும். இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்புன்னு அர்த்தம். ஞானஸ்நானத்துக்கு நின்னவளே நிக்கலாம், வேற ஆளும் நிக்கலாம், பிள்ளையோட இஷ்டம். ஈஸ்டர் முடிஞ்சு ஆயர் வாராரு. பதினஞ்சு வருசமா நான் காத்துக்கிட்டு இருக்கது அந்த ஒரு கைக்குத்தாம்மா. வேற எனக்கு என்ன இருக்கு, சொல்லு? யாரு தோள்ல நான் கைய வைக்கப் போறேன்?

மெர்ஷி கேட்டா. கேக்கலன்னு சொல்லக் கூடாது. வீட்டுக்கே வந்து, நான் கேக்குக்குப் பழம் வெட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல உக்காந்து, "எனக்கு நீங்கதான நிப்பீங்க ஞானம்மா?"ன்னு கேட்டா. அதுக்கு மொத நாளுதான் அவளை டெல்பினோட ஸ்கூட்டர்ல பாத்தேன். இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அவ முதுகுல கன்னத்த வச்சுக்கிட்டுப் போறா. எனக்கு அந்தக் கடுப்பு. "எனக்கு முட்டு வலி, நான் எங்க நிக்கது? உனக்குத்தான் டெல்பின் ஆன்ட்டி இருக்காளே, அவளையே நிறுத்திக்கோ"ன்னேன்.

அப்போ பிள்ளை என்ன செய்யணும்? நீயே சொல்லு. கழுத்தக் கட்டிக்கிட்டு, "போங்க ஞானம்மா, நீங்க இல்லாம யாரு"ன்னு கெஞ்சணுமா வேண்டாமா? ரெண்டு தடவை கெஞ்சியிருந்தா மூணாவது தடவை நான் சரின்னு சொல்லியிருப்பேன். இவ என்னடான்னா, "ரொம்ப வலிக்குதா?"ன்னு கேட்டா. தைலம் எடுத்து என் முட்டுல தேச்சு விட்டா. தேச்சு விட்டுட்டுப் போயிட்டா. பெறகு பாத்தா டெல்பின்கிட்ட போய்க் கேட்டிருக்கா! எமரன்சி வாயாலேயே கேட்டேன். முட்டு வலின்னா தைலம் தேய்க்கது, அவளை நிறுத்திக்கோன்னா அவகிட்ட போய் நிக்கது. சூது வாது தெரியாத பிள்ளைன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். கொஞ்சமாச்சும் சூது வேணும்மா பிள்ளையளுக்கு.

என்ன, என் முட்டா? அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. இந்த பஸ்ஸுக்கு ஓடி வந்துல்லா ஏறினேன்.

இன்னைக்கு நடந்ததையும் கேட்டுரு. குடில் தெரியும்லா? வைக்கோல் போட்டு மாட்டுக்கொட்டில் மாதிரி செஞ்சு, மாதா, சூசையப்பர், ஆடு, மாடு, இடையர் எல்லாம் வைப்போம். பாலன் இயேசு மட்டும் பெருநாள் அன்னைக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் அவரு படுக்குத தொட்டி காலியாக் கெடக்கும். மெர்ஷியோட மொத கிறிஸ்மஸுக்கு அந்தக் குடில் செட்டு நான் வாங்கிக் குடுத்தது. அன்னையிலேர்ந்து ஒரு வழக்கம். ஜனவரி மொத வாரத்துல மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சு குடிலைப் பிரிக்கும்போது மத்தவங்க எல்லாம் எமரன்சி வீட்டுப் பரணுக்கு ஏறிருவாங்க. பாலன் மட்டும் என் வீட்டுக்கு வந்துருவாரு. வருசம் பூரா என் பீரோவுல, சேலைகளுக்கு நடுவுல தூங்குவாரு. பெருநாள் அன்னைக்குப் பூசை முடிஞ்சு நான் கொண்டு போவேன். மெர்ஷி என் கையில இருந்து வாங்கி, உதட்டுல ஒத்தி முத்தி பண்ணி, தொட்டியில வைப்பா. அதுக்கப்புறம்தான் சாப்பாடு. பாலன் பொறக்காம அந்த வீட்டுல யாரும் ஒரு பருக்கை தொட மாட்டாவ. கஸ்பார் அண்ணனுக்கு சுகர் இருக்கு, அவிய கூட ஒரு பிஸ்கெட்டக் கடிச்சுக்கிட்டுக் காத்திருப்பாவ.

இன்னைக்கும் எல்லாரும் குடிலைச் சுத்தி நிக்கோம். டெல்பின் கேக் ஒரு பக்கம், என் கேக் ஒரு பக்கம். அவளுக்கு வீட்டுலயே ஓவன் இருக்கு, மேல கிறிஸ்மஸ் மரம் எல்லாம் போட்டு வச்சிருக்கா. என்னுது எங்க தெரு பேக்கரிக்காரரு அடுப்புல வச்சு எடுத்தது, ஒரு ஓரம் கொஞ்சம் கருகிட்டு. மெர்ஷி வெள்ளை கவுனுல என் முன்னால வந்து ரெண்டு கையையும் நீட்டுதா. அந்த முத்து வச்ச கை. எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ தெரியல. "இந்த வருசம் டெல்பின் ஆன்ட்டி கையால வாங்கி வையேன். எல்லாமே அவ கையாலதான நடக்குது"ன்னேன்.

மெர்ஷி என்னைப் பாத்தா, டெல்பினைப் பாத்தா. "சரி ஞானம்மா"ன்னுட்டு அவ பக்கம் திரும்பிட்டா!

திரும்பிட்டாம்மா. பதினஞ்சு வருச வழக்கம், "சரி ஞானம்மா"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சு போச்சு. டெல்பின் கைய நீட்டல, அதையும் சொல்லணும். அவ என்னையே ஒரு மாதிரியாப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்குப் பொங்கிட்டு வந்துச்சு. கைப்பைய அடைச்சேன், கேக்கைத் தூக்கினேன், "எனக்குத் தலை வலிக்கி, நான் போறேன், ஒருத்தரும் எம்பின்னால வரக் கூடாது"ன்னுட்டு இறங்கிட்டேன்.

ஒருத்தரும் வரல.

தெரு முக்கு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். செருப்பு வார் அந்துட்டது மாதிரி நின்னு கூடப் பாத்தேன். ஒரு ஈ காக்கா வரல. எமரன்சியாவது வரக் கூடாதா? ஊசிக்குக் கையப் பிடிச்சுக்கிட்டவ நான். வரக் கூடாதுன்னா வராமலேயா இருந்துருவா? அப்புறம்தான் ஒரு ஆட்டோவப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

என்னம்மா, உன் கண்ணு ஏன் இப்பிடிப் போகுது? பசிக்கா? கேக் திங்கியா? இரு, இந்தக் கைப்பையில ஒரு சின்னக் கத்தி வச்சிருந்தேன்...

அய்யய்யோ.

அய்யய்யோ, மாதாவே!

பாலன்! பாலனைத் தூக்கிட்டு வந்துட்டேம்மா! பாரு, கைக்குட்டைக்குள்ள. பைய அடைச்சேன்லா, அப்போ உள்ள இருந்திருக்காரு. குடுக்கவே இல்லியே நான். எங்க இருக்கோம் இப்போ? நம்ம தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையா? அய்யோ, அங்க தொட்டி காலியால்லா கெடக்கும்! கஸ்பார் அண்ணன் மாத்திரை போட்டிருப்பாவ. யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாவளே. அதுக்குத்தான் இந்த அடி அடிக்காவ போனு. பாத்தியா, எனக்காக இல்ல. இவருக்காக. பாலனைக் காணும்னதும் ஞானம்மா ஞாவகம் வந்துட்டு. அதான பாத்தேன்.

இந்தா, மறுபடியும் அடிக்குது. எடுக்காத. எடுக்காதன்னா... எடுத்துட்டியா? நீயாவது சொன்னபடி கேக்காம இருக்கியே, சந்தோசம். என்கிட்ட தராத. நீயே பேசு. நான் இல்லன்னு சொல்லு. தூங்குதான்னு சொல்லு.

யாரு? மெர்ஷியா? அழுதாளா? என்ன சொல்லுதா, சத்தமாச் சொல்லு, இந்த டிரைவர் ஆரனை விட்டு எந்திரிக்க மாட்டேங்கான்.

"ஞானம்மா சாப்பிட்டாங்களா"ன்னா? அதையா கேக்கா? பாலனைக் கேக்கலியா? நல்லாக் கேட்டியா நீ? பாலன் ஞாவகமே அவளுக்கு இல்லியா? யாரும் இன்னும் குடில் பக்கமே போகலியாமா? எல்லாரும் என்னைத் தேடியா அலைஞ்சாவ? கஸ்பார் அண்ணன் எங்க தெருவுக்குப் போனாவளா? எமரன்சி கோயில்ல போய்ப் பாத்தாளா? பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரன் சொன்னானாமா... பாத்தியா அந்தப் பயல, அவனுக்குப் பத்து ரூவா கூடக் குடுத்தேன், வாய மூட மாட்டேங்கான்.

அவ சாப்பிடலியாமா? காலையில இருந்தா? பூசைக்கு வெறும் வயித்தோட வந்த பிள்ளைம்மா அது.

சொல்லு, நான் பாளையங்கோட்டைக்குப் போறேன், ராஜாக்கள் திருநாள் கழிச்சுத்தான் வருவேன்னு சொல்லு. கண்டிப்பாச் சொல்லு. திரும்ப வரமாட்டேன்னு சொல்லு.

என்ன சிரிக்க? என்ன சொல்லுதா அவ?

"ஞானம்மா வரமாட்டேன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க அக்கா"ன்னா? அப்பிடியா சொன்னா? என் பிள்ளையா? இத எப்போ படிச்சா அவ? யாரு சொல்லிக் குடுத்தா?

டெல்பினா!

டெல்பினா சொல்லிக் குடுத்தா? "உங்க ஞானம்மா வேணாம்னா வேணும்னு அர்த்தம், பள்ளிக்கூடத்துல இருந்தே அப்பிடித்தான்"னா? இவ்வளவு நாளும் இது தெரியாம ஞானம்மா சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்னு அழுதாளா? பாரேன் அக்கிரமத்தை! அவ யாரு எனக்கு அர்த்தம் சொல்ல? நான் என்ன கோனார் உரையா அவ புரட்டிப் பாத்து அர்த்தம் சொல்ல? பள்ளிக்கூடத்துல ஒரு நாள் மீன் குழம்பு கொண்டு வந்தா, எனக்கு வேணாம்னேன். கேக்காம என் தட்டுல ஊத்திட்டா. மறுநாளும் வேணாம்னேன், மறுநாளும் ஊத்தினா. பத்தாங்கிளாஸ் முடியுத வரைக்கும் தினம் ஊத்தினா. அன்னைக்கே சொன்ன பேச்சைக் கேக்காதவம்மா அவ. அவ கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போன அந்த வருசம் எனக்குத் தொண்டையில சோறு எறங்கல, தெரியுமா? கழுத.

இன்னும் என்ன? உறுதிபூசுதலா? டெல்பின் நிக்க மாட்டேன்னுட்டாளா? எப்போ? கேட்ட அன்னைக்கேவா? "உங்க ஞானம்மாகிட்ட மூணு தடவை கேளு, மூணாவது தடவை சரிம்பா"ன்னு சொன்னாளா? மெர்ஷிதான் என் முட்டு நல்லாகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாளா?

ஓஹோ. எனக்கு விட்டுக் குடுக்காளாமா மகராசி! அவ விட்டுக் குடுத்து நான் நிக்கணுமா? எனக்கு வேண்டாம்! அவளே நிக்கட்டும்! நல்லா நிக்கட்டும்!

ஏய், ஏய், அதச் சொல்லிராத அவகிட்ட! சொல்லிட்டியா? சொல்லலியே? அப்பாடி. நீ பாட்டுக்குச் சொல்லி வச்சா அந்தப் பிள்ளை பாவம், கொழம்பிப் போயிரும். இன்னைக்குத்தான பாடமே படிச்சிருக்கு.

வாராளா? எங்க வாரா? பின்னாலயா? வெயில்ல எதுக்கு வாரா, யாரோட வாரா? வாகைக்குளத்துல நிறுத்தச் சொல்லணுமா? வேண்டாம், வேண்டாம், கண்டக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாத, டிக்கெட் பாளையங்கோட்டைக்கு எடுத்திருக்கேன், காசு போயிரும்... எந்திரிச்சுப் போயே சொல்லிட்டியா? உன்னைப் பெத்தவ நல்லா இருப்பா. நீ டெல்பினை விட மோசம்மா.

கண்டக்டர் தம்பி, நான் ஒண்ணும் எறங்கணும்னு சொல்லல தம்பி. இந்தப் பிள்ளைதான். எறங்கலியான்னா... எறங்காம? நிறுத்தியாச்சுல்லா, ரெண்டு நிமிசம் பொறுங்க. நிறுத்தினது நிறுத்தியாச்சு. பெருநாள் அன்னைக்கு விசிலை ஊதி உயிர எடுக்காதிய.

ஜன்னல் வழியாப் பாரும்மா, உனக்குத்தான் ஜன்னல் சீட்டு. வாராளா? ஸ்கூட்டரா? செவப்பு ஸ்கூட்டரா? அப்போ அவளேதான் ஓட்டிட்டு வாரா. அந்தச் சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேக்கு. அந்தக் காட்டு வேகம், சேலை பின்னால பறக்கது, டெல்பினேதான். வேற ஆளே கிடைக்கலியாமா கூட்டிட்டு வர? கஸ்பார் அண்ணன் பைக்குக்கு என்ன கேடு?

பின்னால என் பிள்ளை தெரியுதா? என்ன போட்டிருக்கா? நல்லாப் பாரு. வெள்ளையா?

மயில்கழுத்தா?

என்னம்மா சொல்லுத. இந்த வெயில்ல பட்டு எதுக்குப் போட்டுட்டு வாரா கிறுக்கி. ரோட்டுத் தூசி எல்லாம் அப்புமே. நான் போடச் சொன்னேனா? நான்தான் வேண்டாம்னு சொன்னேனே. கையக் குடு, எந்திரிக்கேன். இல்ல, கண்ணுல தூசி.

பைய எடு. இந்தக் கைப்பைய நானே பிடிச்சுக்கிடுதேன், இவரை இனி யாருகிட்டயும் குடுக்க மாட்டேன், அவ கையிலதான் குடுப்பேன். மூணு பேரு ஒரு வண்டியில எப்பிடிப் போறதுன்னு யோசிக்கியா? போயிருவோம். போலீஸ்காரனும் யாராவது வீட்டுல பிரியாணி தின்னுக்கிட்டுத்தான் இருப்பான். டெல்பின் ஓட்டட்டும், மெர்ஷி கடைசில உக்காரட்டும், நான் நடுவுல உக்காருவேன். ஆமா, ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான். அந்த இடுப்ப இனிமே அவ கட்டிப் பிடிக்கப் பாக்கட்டும்.

பாரு, வந்துட்டா. எறங்கி ஓடி வாரா. பாவாடை தடுக்கி விழுந்துராத, ஏட்டி மெதுவா!

இந்தா, இந்தக் கேக்கை நீ வச்சுக்கோம்மா. ஒரு ஓரம் கருகியிருக்கும், அத மட்டும் கிள்ளிப் போட்டுட்டு வீட்டுல எல்லாருக்கும் குடு. ஆனா ஒண்ணு, மரியாதைக்கு வேணாம்னு கீணாம்னு சொல்லிராத. சொன்னா நான் நெசம்னு நினைச்சு எடுத்துக்கிட்டே போயிருவேன்.